சென்னை ஹாஸ்டல், முதலாம் ஆண்டு: எதைக் கொண்டுபோவது, எதை அங்கே போய் வாங்குவது?

#1 கம்பம்_பள்ளத்தாக்கு
வணக்கம். மகளுக்குக் கவுன்சிலிங்கில் சென்னையில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில். ஹாஸ்டலும் உறுதி. மூன்று பேர் தங்கும் அறை. இரும்புக் கட்டில், ஆளுக்கொரு அலமாரி, மேசை, நாற்காலி தருகிறார்களாம். தேனியிலிருந்து ரயிலில் வருகிறோம்.

வீட்டில் போட்ட பட்டியல் இது: இலவம்பஞ்சு மெத்தை, தலையணை இரண்டு, கம்பளி. கெட்டில், அயர்ன் பாக்ஸ், வெந்நீர் ராடு, ஜங்ஷன் பாக்ஸ். வாளி, கப். டிரங்குப் பெட்டி ஒன்று, சூட்கேஸ் இரண்டு. துணி 15 செட். டிராயிங்குக்கு டிராஃப்டர், கால்குலேட்டர். பொடி, ஊறுகாய், முறுக்கு.

எதைக் கழிக்கலாம், எது விட்டுப்போச்சு என்று சொல்லுங்கள்.

#2 மூணாம்மாடி
சார், இது ஹாஸ்டலுக்குப் போகிற பட்டியல் இல்லை, தனிக்குடித்தனம் வைக்கிற பட்டியல். மூன்று பேர் அறையில் ஒருவருக்குச் சொந்தம் என்று கிடைப்பது கட்டில், கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடம், ஒன்றரை அடி அகல அலமாரி, அவ்வளவுதான்.

இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ராத்திரி ஒன்பது மணிக்குக் கையில் இருந்தே ஆகவேண்டியது ஒரு கூட்டம். அறையைப் பார்த்து, அளந்து, கூட இருக்கும் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வாங்கவேண்டியது இன்னொரு கூட்டம். முதல் கூட்டம் சின்னது: விரிக்க ஒரு ஜமுக்காளம், பெட்ஷீட், போர்வை, ஒரு தலையணை, பூட்டு, வாளி, கப், சோப்பு, துண்டு, செருப்பு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், தட்டு, டம்ளர், ஸ்பூன், சார்ஜர், டார்ச், கொசுவலை அல்லது கொசு லிக்விட், ஐந்து நாள் துணி, சான்றிதழ் ஃபைல். மற்றதெல்லாம் சென்னையில் முக்குக்கு முக்கு கிடைக்கும்.

கெட்டில், அயர்ன் பாக்ஸ், ராடு மூன்றையும் பெரும்பாலான ஹாஸ்டல் விதித்தாளில் பெயர் போட்டே தடை செய்திருப்பார்கள். அட்மிஷனோடு தரும் அந்தத் தாளை முதலில் வாசித்துவிடுங்கள். பறிமுதல் ஆனால் வருஷக் கடைசியில்தான் கைக்கு வரும்.

#3 ஆறு_ஆம்பியர்
அந்தத் தடை வார்டனின் கெடுபிடி மட்டுமில்லை, கணக்கே அப்படித்தான். அறையில் இருக்கும் சின்னத் துளை பிளக் பாயின்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1380 வாட். ஒன்றரை லிட்டர் கெட்டில் பெரும்பாலும் 1500 வாட். ராடு 1000, 1500, 2000 என்று வரும். அயர்ன் பாக்ஸ் 750 முதல் 1000.

1500 வாட்டைச் செருகினால் உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் வில்லங்கமே. பிளக் முள்ளைப் பிடித்திருக்கும் உள்பக்கப் பித்தளைப் பிடி சூடேறும், சூட்டில் தளரும், தளர்ந்த இடத்தில் தொடுகை குறையும், குறைந்த இடத்தில் இன்னும் சூடேறும். ஒரு மாதம் கழித்து பாயின்ட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை, கருகல் வாசனை. பழைய கட்டடங்களில் இரண்டு மூன்று அறைக்குச் சேர்த்து ஒரே எம்சிபி (சுமை கூடினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டிருப்பார்கள். காலை ஆறரைக்கு இரண்டு அறையில் ராடு போட்டால் மூன்று அறைக்கும் ஃபேன் நிற்கும். அப்போது யார் போட்டது என்று தேடி வருவார்கள்.

ஜங்ஷன் பாக்ஸ் அவசியம் வாங்குங்கள், ஆனால் பார்த்து. கவனிக்க வேண்டியது நாலு:

1. பிளக்கில் மூன்று முள், மேல் முள் தடிமனாக. இரண்டு முள் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம்.
2. வயர்மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். மூன்று கம்பி, ஒவ்வொன்றும் 0.75 சதுர மி.மீ. குறைந்தபட்சம்; 1.0 நல்லது.
3. எல்லா நாட்டு பிளக்கும் நுழையும் அகலத் துளை வைத்தது எதையும் இறுக்கிப் பிடிக்காது. பொறி வரும். நம்மூர் வட்டத் துளை மட்டும் உள்ள, ஐஎஸ்ஐ முத்திரை போட்ட பெட்டியே சரி.
4. நீளம். பிளக் பாயின்ட் கதவோரம், கட்டில் ஜன்னலோரம் என்றால் ஒன்றரை மீட்டர் போதாது. அறையைப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜங்ஷன் பாக்ஸைச் செருகாதீர்கள். வயரை மெத்தைக்கு அடியில் ஓட்டாதீர்கள். சூடு வெளியேற வழியில்லை.

#4 குட்டிச்சுவர்
அண்ணா, ஊர் உலகத்தில் எந்த ஹாஸ்டலில் கெட்டில் இல்லை? ராத்திரி பதினொரு மணிக்கு நூடுல்ஸ் வாசனை அடிக்காத வராண்டா இருந்தால் காட்டுங்கள். விதி விதியாக இருக்கும், கெட்டில் கெட்டிலாக இருக்கும்.

#5 ஆறு_ஆம்பியர்
இருக்கிறது என்பது தெரியும் தம்பி. முதல் வாரமே அறைச் சோதனை நடக்கும் என்பதும் உனக்குத் தெரியும். இங்கே கேட்பது ஒரு அப்பா, அவர் கையால் வாங்கிக் கொடுத்துப் பறிகொடுக்க வேண்டாம். வெந்நீருக்கு அரை லிட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க் போதும். இரவுச் சாப்பாட்டின்போது மெஸ்ஸில் கொதிநீர் பிடித்தால் நடுராத்திரி வரைக்கும் சூடு நிற்கும். பிடிக்கும் முன் ஃபிளாஸ்க்கில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு நிரப்பினால் சூடு கூடுதல் நேரம் நிற்கும். துணி தேய்க்க வாசலில் இஸ்திரி வண்டி இருக்கும், இல்லையென்றால் ஹாஸ்டலிலேயே ஒரு பொது அறை இருக்கும்.

இன்னொன்று. லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இழுக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். லேப்டாப் கெட்டுப்போகவில்லை. மலிவுப் பெட்டியில் எர்த் துளை கண்ணுக்கு இருக்கும், உள்ளே வயர் இணைத்திருக்காது. அடாப்டருக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாகக் கசியும் சின்ன மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் உடம்பு வழியாகப் போகிறது. பெட்டியை மாற்றினாலும் இழுத்தால் சுவர்ப் பாயின்ட்டிலேயே எர்த் இல்லை. பராமரிப்புப் புத்தகத்தில் எழுதிப்போடச் சொல்லுங்கள்.

#6 ஈரிழை
மெத்தைக்கு வர்றேன். போடி பக்கத்து ஆளுக்கு இலவம்பஞ்சைப் பத்தி நான் சொல்லித்தர வேண்டியதில்லை, சூடு பிடிக்காது, உடம்புக்குச் சுகம். ஆனா ஹாஸ்டலுக்கு மூணு இடைஞ்சல் இருக்குங்க. ஒத்தைக் கட்டில் மெத்தையே சுமார் எட்டு, பத்து கிலோ வரும். வாரம் ஒருதரம் மொட்டை மாடியில வெயில் காட்டணும், பல லேடீஸ் ஹாஸ்டல்ல மாடிக் கதவு பூட்டிக் கிடக்கும். காட்டாம விட்டா ஆறு மாசத்துல நடுவுல பள்ளம், ரெண்டு பக்கமும் உருண்டை. ஐப்பசி மழையில ஜன்னல் சாரல் பட்டு நனைஞ்சா காயவே காயாது, பூஞ்சை வாடை வந்துடும்.

சென்னையிலேயே தேங்காய் நார் மெத்தை, மூணு அல்லது நாலு இஞ்ச் கனம், வாங்கிக்கோங்க. முழுக்க ஃபோம் வேண்டாம், கோடையில முதுகு வேகும்.

அளவு ரொம்ப முக்கியம். ஹாஸ்டல் கட்டில் பாதிக்குப் பாதி 6 அடிக்கு இரண்டரை அடி, அதாவது 72-க்கு 30 இஞ்ச். மீதி 72-க்கு 36. முப்பது இஞ்ச் கட்டில்ல முப்பத்தாறு இஞ்ச் மெத்தையைப் போட்டா ஆறு இஞ்ச் வெளியே தொங்கும், உட்கார்ந்தா விளிம்பு மடங்கி வழுக்கிவிடும், மூணு மாசத்துல ஓரம் உடையும். கட்டிலோட வெளி அளவை அளக்காதீங்க. சில கட்டில்ல சுத்திலும் ஆங்கிள் பட்டை மேல் நோக்கி நிக்கும். அந்தப் பட்டைக்கு உள்பக்க அளவுதான் மெத்தை அளவு.

கட்டில் தகடா, பட்டையா, பிளைவுட்டான்னும் பாருங்க. பட்டை பட்டையா இடைவெளி விட்டிருந்தா மெத்தைக்கு அடியில கனமான ஜமுக்காளம் ஒண்ணு போடணும், இல்லாட்டி நார் அந்த இடைவெளியில தொய்ஞ்சிடும். பவானி ஜமுக்காளம் ஒண்ணு இருந்தா மெத்தை வாங்குற வரைக்கும் படுக்கவும் ஆச்சு, பிறகு அடியில போடவும் ஆச்சு.

கம்பளியை வீட்டிலேயே வைங்க. சென்னைக்கு மார்கழியிலயும் ஒரு பருத்திப் போர்வை போதும்.

#7 சாவிக்கொத்து
மெத்தை வாங்குவதற்கு முன்னாடி ஒரு வேலை இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே. மூட்டைப்பூச்சி.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டிகளைக் கட்டில்மேல் வைக்காதீர்கள், வாசலோரம் தரையிலேயே இருக்கட்டும். மொபைல் டார்ச்சைப் போட்டு இந்த இடங்களைப் பாருங்கள்: கட்டில் காலும் சட்டமும் சேரும் மூலை, போல்ட் துளை, தகடு மடிந்திருக்கும் அடிப்பக்கம், தலைமாட்டுச் சுவர் விரிசல், மர நாற்காலியின் அடிப்பகுதி. பூச்சியைத் தேடாதீர்கள், பகலில் அது வராது. தடயத்தைத் தேடுங்கள்: மைப்பேனாவால் குத்தினதுபோல் கறுப்புப் புள்ளிகள், வெளிர் மஞ்சள் தோல் உரிசல். வளர்ந்த பூச்சி ஆளிவிதை அளவு, தட்டை, செம்பழுப்பு.

கிடைத்தால் வார்டனிடம் அப்போதே சொல்லி வேறு கட்டிலோ மருந்தடிப்போ கேட்க வேண்டும். குடிவந்துவிட்டால் அப்புறம் உங்கள் பையோடு வந்தது என்பார்கள். இரும்புக் கட்டிலின் மூட்டுகளில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவது நிஜமாகவே வேலை செய்யும், 50 டிகிரிக்கு மேல் பூச்சியும் முட்டையும் தாங்காது. ஆனால் தண்ணீர் சூடு ஆறுவதற்குள் மூட்டுக்குள் இறங்க வேண்டும், கெண்டி மூக்கால் மெதுவாக ஊற்றணும். அந்துருண்டையால் பயனில்லை. வெறும் அறையாகப் போட்டுப் பட்டினி போட்டுக் கொல்லலாம் என்பதும் நடக்காது, இரத்தம் குடிக்காமல் மாதக்கணக்கில் கிடக்கும்.

அதே கையோடு அறையின் மற்ற குறைகளையும் பார்த்துவிடுங்கள். ஃபேன் ரெகுலேட்டர் எல்லா எண்ணிலும் ஓடுகிறதா, ஒவ்வொரு பிளக் பாயின்ட்டிலும் சார்ஜர் ஏறுகிறதா, ஜன்னல் கொக்கி விழுகிறதா, கொசு வலை கிழிந்திருக்கிறதா, அலமாரிக் கதவு முழுசாக மூடுகிறதா, மேசை இழுப்பறை, கண்ணாடி விரிசல். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, அறை ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்ட உடைசல் நாலாம் வருஷம் காஷன் டெபாசிட்டில் கழியும்.

#8 கம்பம்_பள்ளத்தாக்கு
எல்லோருக்கும் நன்றி. மெத்தை கழிந்தது. டிரங்குப் பெட்டி? ரயிலில் ஏற்றலாமா? எங்கள் வீட்டம்மா அதை மட்டும் விடமாட்டேன் என்கிறார்.

#9 மூணாம்மாடி
வீட்டம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. எலி கடிக்காது, நல்ல பூட்டுப் போடலாம், மேலே உட்காரலாம். கட்டில் அடியில் போகுமா என்பதுதான் கேள்வி. தரையிலிருந்து சட்டத்தின் கீழ் விளிம்பு வரை சில ஹாஸ்டலில் 12 இஞ்ச், சிலதில் 15. சீனியர் யாராவது இருந்தால் ஸ்கேல் வைத்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். நாலு மூலையிலும் பழைய ரப்பர் செருப்புத் துண்டை ஒட்டினால் தரையும் கீறாது, ஈரம் பட்டுத் துருவும் ஏறாது.

ரயிலில் ஸ்லீப்பருக்கும் மூன்றாம் ஏசிக்கும் ஆளுக்கு 40 கிலோ இலவசம். பெட்டியின் அளவு 100-க்கு 60-க்கு 25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மூன்றாம் ஏசியில் இன்னும் சிறிது, 55-க்கு 45-க்கு 22.5. அதைவிடப் பெரிசு என்றால் பார்சல் பெட்டியில் போட வேண்டும். ஆகவே டிரங்குப் பெட்டி என்றால் ஸ்லீப்பர். 25 செ.மீ. உயரம் என்பது 10 இஞ்ச்சுக்குள் அடங்கிவிடும், அந்தப் பெட்டி எந்தக் கட்டிலுக்கு அடியிலும் போகும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

டிரங்குப் பெட்டி வந்தால் சூட்கேஸ் இரண்டும் வேண்டாம். ஊருக்கு வந்துபோக முதுகுப் பை ஒன்று. வாளியைக் காலியாகத் தூக்காதீர்கள். கப், சோப்பு, கொடிக்கயிறு, கிளிப், பிரஷ், செருப்பு எல்லாம் அதற்குள் போட்டு மேலே துண்டால் கட்டிவிடலாம்.

#10 நோடல்
சாமான் பேச்சு நடக்கட்டும், காகிதத்துக்கு வருவோம். அட்மிஷன் நாளில் அலைய வைப்பது இதுதான்.

ஒதுக்கீட்டு ஆணை, 10, 11, 12 மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழும் உறுதிமொழியும், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, ஆதார், மருத்துவத் தகுதிச் சான்று. ஒவ்வொன்றும் ஐந்து நகல். பாஸ்போர்ட் அளவு போட்டோ மாணவிக்கு 15, அப்பா அம்மாவுக்குத் தலா 4, சென்னையில் உள்ளூர்ப் பாதுகாவலர் என்று யார் பெயரைக் கொடுக்கிறீர்களோ அவருக்கு 4. பார்வையாளர் அட்டைக்கு எல்லோர் படமும் கேட்பார்கள், அப்பா படத்தை மட்டும் கொண்டுவந்துவிட்டு அம்மா தனியாகப் பார்க்க வரும்போது வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

மூலச் சான்றிதழைக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ் கல்லூரியிலேயே தங்கும். மதிப்பெண் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று யூஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது. வாங்கி வைத்தால் எதெல்லாம் வாங்கினார்கள் என்று எழுதி, கையெழுத்தோடு ஒப்புகை கேளுங்கள்.

ராகிங் தடுப்பு உறுதிமொழி மாணவிக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. யூஜிசியின் 2009 விதிமுறைப்படி ஆண்டுதோறும் தர வேண்டும். இணையத்தில் நிரப்பினால் பதிவு எண் மெயிலில் வரும், அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். உதவி எண் 1800-180-5522, இரவு பகல் எந்நேரமும். மகளின் போனில் பதிந்து கொடுங்கள்.

இப்போது பணம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவிப்பு வந்தது. ஆகவே விடுதி அலுவலகத்தில் சலான் நீட்டினால் உடனே கட்டிவிடாதீர்கள். இன்ன ஒதுக்கீடு என்று சொல்லி, எந்தத் தலைப்புக்கு விலக்கு, எதற்கு இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். கட்டியே ஆக வேண்டியது இருந்தால் ரசீது தலைப்பு வாரியாக இருக்கட்டும், மொத்தமாக ஒரே தொகையாக வேண்டாம்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். கல்லூரி வழியாகப் பதிவு செய்ய வேண்டும். பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணைக் கையில் வைத்திருங்கள். பணம் ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவது: ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரே வங்கிதான் உதவித்தொகைக்காக இணைந்திருக்கும். கல்லூரி வளாக வங்கியில் புதுக் கணக்குத் தொடங்கும்போது படிவத்தில் ஆதார் இணைப்புக் கட்டத்தில் டிக் போட்டால், ஊர்க் கணக்கிலிருந்து இணைப்பு இங்கே மாறிவிடும். மாறுவது தப்பில்லை. தெரியாமல் மாறிவிட்டு, ஊர்ப் பாஸ்புக்கில் பணம் வரவில்லை என்று ஆறு மாதம் அலைவதுதான் தப்பு.

#11 மெஸ்_கணக்கு
நோடல் சொன்னதோடு ஒன்று. உங்கள் ஹாஸ்டலில் மாதாமாதம் நிர்ணயித்த தொகையா, டிவைடிங் சிஸ்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிவைடிங் என்றால் அந்த மாத மளிகை, காய்கறி, பால், கேஸ் செலவு முழுவதையும் மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுப்பார்கள். உதாரணத்துக்கு, செலவு 9 லட்சம், 300 பேர் 30 நாள், மொத்தம் 9000 நாள் என்றால் ஒரு நாளைக்கு 100 ரூபாய். 26 நாள் இருந்தவருக்கு 2600. பராமரிப்புக் கட்டணம் தனி.

ஊருக்குப் போனால் நாள் கழியுமா? தானாகக் கழியாது. மெஸ் ரிடக்‌ஷன் கடிதம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், தொடர்ந்து குறைந்தபட்சம் இத்தனை நாள் என்று ஒரு வரம்பு இருக்கும். சனி ஞாயிறு மட்டும் போய்வந்தால் பெரும்பாலும் கழிக்க மாட்டார்கள். செமஸ்டர் பரீட்சை லீவில் நிறையப் பேர் ஊருக்குப் போய்விடுவதால் அந்த மாதம் ஒரு நாள் கணக்கு ஏறும். கேஸ் போன்ற செலவு ஆள் குறைந்தாலும் அதே அளவில் குறையாது. பில்லைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

#12 ஈரிழை
துணிக்கு வருவோமா? 15 செட் எதுக்குங்க. கணக்கு போடுங்க. மூணு நாளைக்கு ஒருதரம் துவைக்குது, காய ஒரு நாள், மழைக்காலத்துல ரெண்டு நாள், அவசரத்துக்கு ஒண்ணு. மூணும் ரெண்டும் ஒண்ணும் ஆறு. காலேஜுக்கு ஆறு செட், ராத்திரிக்கு மூணு, விசேஷத்துக்கு ஒண்ணு. உள்ளாடை மட்டும் பத்துக்குக் குறையாம, ஏன்னா கடைசியில காயறது அதுதான்.

துண்டு விஷயத்துல எல்லாரும் பூப்போட்ட டர்க்கி டவலை வாங்கிக் கொடுத்து அனுப்புறாங்க. ஐப்பசி, கார்த்திகையில அது ராத்திரி முழுக்க ஈரமாவே கிடக்கும், மறுநாள் முகத்துல வச்சா நாத்தம். ஈரிழைத் துண்டு மூணு வாங்குங்க. ஃபேனுக்குக் கீழே ரெண்டு மணி நேரத்துல காயும், மடிச்சா கையளவு. தலைக்குக் குளிச்சா சுத்திக் கட்டிக்கவும் வசதி.

சென்னைத் தண்ணி பல இடத்துல போர் தண்ணி, உப்பு. அதுல துணி சோப்பு நுரைக்காது. தண்ணியில இருக்கிற கால்சியத்தோட சோப்பு சேர்ந்து வெள்ளையா பிசுக்காகி துணியிலேயே ஒட்டும், நாலு துவைப்புல வெள்ளைத்துணி சாம்பல் நிறம். டிடர்ஜென்ட் பவுடர் அந்தத் தண்ணியிலயும் வேலை செய்யும். அரை வாளித் தண்ணியில ஒரு கைக்கரண்டி பவுடர், நாலு அஞ்சு துணி, அரை மணி ஊற வச்சா போதும். நுரை வரலேன்னு இன்னும் ரெண்டு கரண்டி போடுவாங்க. அழுக்கு கூடுதலா போகாது, அலசத்தான் இன்னும் ரெண்டு வாளி ஆகும், சரியா அலசலேன்னா கழுத்துலயும் இடுப்புலயும் அரிப்பு வரும். வாளியில வெள்ளைப் படலம் படிஞ்சா எலுமிச்சை மூடியால தேய்ச்சுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் கழுவுங்க.

கொடிக்கயிறு நைலான்ல ஆறு மீட்டர், கிளிப் ரெண்டு டஜன். மழையில அறைக்குள்ள காயப்போட்டா துணிக்கும் துணிக்கும் ஒரு கையகல இடைவெளி விட்டு, ஃபேனை ஓடவிட்டு, ஒரு ஜன்னலையாவது திறந்து வைக்கணும். எல்லாத்தையும் மூடிட்டு ஃபேன் போட்டா ஈரம் அறையிலேயே சுத்தி அலமாரித் துணியில இறங்கிடும். செருப்பு, பெல்ட்டுல பச்சையா பூஞ்சை வர்றது அப்படித்தான்.

அப்புறம், வாளிக்கு அடிப்பக்கமும் கப்போட கைப்பிடிக்கு உள்பக்கமும் பெயின்டால அறை எண் எழுதிடுங்க. மார்க்கர் ஒரு மாசத்துல போயிடும்.

#13 குட்டிச்சுவர்
ஈரிழை அக்கா, வாளிக்குக் காவல் போட முடியாது. நீலம், சிவப்பு வாங்கினால் ஃப்ளோரில் நாற்பது பேரிடம் அதே வாளி. கண்றாவி நிறமாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். யாரும் தொடமாட்டார்கள்.

#14 சாவிக்கொத்து
சிரிப்புக்குச் சொன்னாலும் சரியான யோசனை.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சில. நாப்கின் மூன்று மாதத்துக்கானது கொண்டுவரட்டும், ஹாஸ்டல் கடையில் வழக்கமாகப் பயன்படுத்தும் வகை இருக்காது. எரிப்பான் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே போடுவது என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. கழிவறையில் போட்டால் அந்த வரிசை முழுக்க அடைக்கும். வயிற்று வலிக்கு ரப்பர் வெந்நீர்ப் பை, அந்த ஃபிளாஸ்க் இதற்கும் ஆகும்.

மருந்து டப்பாவில் பாராசிட்டமால், ஓஆர்எஸ் ஐந்து பாக்கெட், தெர்மாமீட்டர், பிளாஸ்திரி, ஏற்கெனவே டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து இருந்தால் சீட்டோடு. ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், டம்ளரில் கொஞ்சமாகக் கலக்கக் கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்குமோ என்று பார்க்க வேண்டிய ஊர் இது. ஆகையால் புரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை.

டெங்குக் கொசு பகலில் கடிப்பது. தண்ணீர் வராது என்று பயந்து நிரப்பி வைக்கும் வாளியில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். வாளியை மூடுங்கள், வாரம் ஒருதரம் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். வலையைக் கட்டக் கட்டிலில் கம்பி இருக்காது, மடக்குக் கூடார வலை வாங்கினால் ஆணி அடிக்க வேண்டியதில்லை. ஆணி அடித்தால் அபராதம்.

#15 பருப்புப்பொடி
தின்பண்டத்தைப் பத்திப் பேச ஆளே இல்லையா! பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி நல்ல தேர்வு. மெஸ் சாதம் எப்படியிருந்தாலும் பொடியும் நல்லெண்ணெயும் இருந்தால் இறங்கிவிடும். ஒவ்வொன்றும் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். வறுத்து முழுசாக ஆறியபிறகு அரைத்து, அரைத்த சூடும் ஆறியபிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, சொட்டி, இரண்டு வாரத்தில் கட்டி தட்டும். தேங்காய் சேர்த்த பொடி வேண்டாம், சிக்கு வாடை வந்துவிடும். புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு எதுவானாலும் மேலே ஒரு விரக்கடை எண்ணெய் நிற்க வேண்டும், ஈரக் கரண்டி போடக் கூடாது.

முறுக்கு, அதிரசம் எல்லாம் முதல் இரண்டு நாளில் தீர்ந்துவிடும், அறைத் தோழிகளுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தனுப்ப வேண்டும். மீந்ததைப் பிளாஸ்டிக் கவரில் வைத்தால் எலிக்கு விருந்து. மூடி இறுக்கமான ஸ்டீல் டப்பா, அதையும் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்தால் எறும்பு ஏறாது. எறும்புச் சாக்பீஸ் கோடு போடுபவர்கள் உண்டு. அது பூச்சி மருந்து, சாப்பாட்டுத் தட்டு வைக்கும் இடத்தில் வேண்டாம்.

#16 மூணாம்மாடி
டிராஃப்டரை மறந்துவிட்டோம். இப்போது வாங்காதீர்கள். முதல் செமஸ்டரா இரண்டாவதா எதில் டிராயிங் வருகிறது என்று பாருங்கள். இரண்டாமாண்டுப் பிள்ளைகள் பாதி விலைக்குத் தருவார்கள். வாங்கும்போது ஒரு சோதனை: தலைப்பகுதியைப் பூஜ்ஜியத்தில் வைத்துப் பலகையின் மேல்பக்கம் ஒரு கோடு, ஸ்கேலைக் கீழே இறக்கி இன்னொரு கோடு. இரண்டும் இணையாக இல்லையென்றால் கம்பி வளைந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியாது. கால்குலேட்டரும் துறையில் கேட்டபிறகு வாங்கலாம், நிரல் எழுதும் வகையைப் பரீட்சை அறைக்குள் விடமாட்டார்கள். வொர்க்‌ஷாப் சீருடை, ஷூவும் அப்படியே, நிறம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

போன், லேப்டாப் பில்லையும் வரிசை எண்ணையும் போட்டோ எடுத்து வீட்டில் வைத்திருங்கள். போனில் நட்சத்திரம் ஹாஷ் 06 ஹாஷ் அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணும் சேர்த்து. தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு அந்த எண்ணை வைத்துத்தான் சிஇஐஆர் என்ற மத்திய அரசுத் தளத்தில் போனை முடக்க முடியும்.

#17 கம்பம்_பள்ளத்தாக்கு
புதுப் பட்டியல் போட்டாச்சு. 25 செ.மீ. உயர டிரங்குப் பெட்டி, ஒரு முதுகுப் பை, ஒரு வாளி, அவ்வளவுதான். வாளி கத்தரிப்பூ நிறம், மகளே தேர்ந்தெடுத்தாள். மெத்தையும் ஜங்ஷன் பாக்ஸும் அங்கே போய். கெட்டில் கழிந்தது, ஃபிளாஸ்க் வந்தது.

ஒரே சந்தேகம். பூட்டு எந்த அளவு? எத்தனை?

#18 சாவிக்கொத்து
மூன்று. அலமாரிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, அறைக் கதவுக்கு மூவருக்கும் பொதுவாக ஒன்று. கதவுப் பூட்டுக்கு ஆளுக்கொரு சாவி வேண்டும், மூன்று சாவி வருகிற பூட்டாகப் பாருங்கள்.

அலமாரிக் கொண்டித் துளை சின்னது. கடையில் கனமான 65 மி.மீ. பூட்டைக் காட்டுவார்கள், அதன் வளையம் துளைக்குள் நுழையாது. 40 மி.மீ. பூட்டு, வளையம் 6 மி.மீ. தடிமன், இதுதான் பெரும்பாலும் பொருந்தும். எண் பூட்டு வேண்டாம், அந்த மெல்லிய வளையத்தை ஒரு ஸ்குரூ டிரைவரால் நெம்பிவிடலாம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, உங்கள் ரயில் அந்த ஊர் வழியாகத்தான் வருகிறது. ஆனால் அது கதவுக்கு. அலமாரிக்குப் பெரிது.

பெட்டி, அலமாரிச் சாவியில் ஒன்றை மகளிடமும் ஒன்றை உங்களிடமும் வையுங்கள். இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்துக் கொடுத்துவிடாதீர்கள்.